எல் போட்டாலும் டி போட்டாலும்

போர் முடிந்துவிட்டதென்று கண்டி டவுனில் பட்டாசு கொளுத்திப் பாற்சோறு பகிர்ந்த மே மாதம் போய் அடுத்த மாதம் பிறந்ததுமே, தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த அந்த அறைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். வன்னியில் அகப்பட்டுப்போன மகனை, மகளை, புருஷனைத் தேடி வந்தவர்கள். வெளியே நின்று தமிழில் சத்தமாகப் பேச நாக்கு எழாத காலம் அது. பஸ்ஸிலிருந்து இறங்கி, யார் முகத்தையும் பாராமல் நடந்து வந்து, வாசலில் போட்டிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்துகொள்வார்கள். வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒருவரோடொருவர் பேச மாட்டார்கள்.

அறைக்குள் ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் டொரதி. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். முகாம்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போய்வந்த தொண்டர்கள் கையால் எழுதி அனுப்பிய பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. தேடி வருகிறவர்களுக்கு அதில் தேடிப் பார்ப்பதும் அவள் வேலை. பார்த்ததை வாயைத் திறந்து சொல்வதும் அவள் வேலைதான். அந்தக் கடைசி வேலைக்கு எந்தக் கம்ப்யூட்டர் வகுப்பிலும் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை.

தேடுவதற்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, பின்னால் ஒரு சின்னக் கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் போட்டால் பெயர்கள் விழும். முகாம் பெயர்களுக்கான கட்டளையை எழுதிக் கொடுத்தவர் விவேகானந்தன், பேராதனையில் விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரிப் பெயர்களுக்கானதை எழுதியவர் அக்குறணை நஸீம். கண்டியில் ஒரு கம்பெனியில் வேலை, சனிக்கிழமைகளில் இங்கே தொண்டு. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரித்தான் இருக்கும். அதே கறுப்புத் திரை, அதே கோடு, அதே எழுத்து. குணம் மட்டும் நேரெதிர்.

விவேகானந்தனுடையதில் எல் என்று போட்டால் உயிரோடிருப்பவர்கள் மட்டும் வருவார்கள். டி என்று போட்டால் இறந்தவர்கள் மட்டும். நஸீமுடையதில் எல்லே கிடையாது. டி உண்டு, ஆனால் அந்த டியைப் போட்டால் இறந்தவர்கள் மறைந்துபோவார்கள், மற்றவர்கள் வருவார்கள். ஒருவர் எதைக் காட்ட வேண்டும் என்று கேட்டு எழுதினார். மற்றவர் எதை மறைக்க வேண்டும் என்று கேட்டு எழுதினார். இருவரும் கெட்டிக்காரர்கள், இருவரும் நல்லவர்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் ஒருநாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை. நல்லவர்கள் சேர்ந்து செய்கிற காரியங்களில் இப்படித்தான் ஓட்டை விழும், விழுந்த ஓட்டைக்குள் கால் வைப்பதற்கு ஒரு டொரதி இருப்பாள்.

டொரதி இதற்கு ஒரு வழி பண்ணிக்கொண்டாள். முகாமென்றால் எல், ஆஸ்பத்திரியென்றால் டி. இரண்டிலும் வருவது உயிரோடிருப்பவர்கள். நாளொன்றுக்கு எத்தனையோ தடவை தட்டித் தட்டி விரலே அதைப் படித்துக்கொண்டது. பிறகு அவள் யோசிக்கவேயில்லை.

கமலாசனி டீச்சர் குண்டசாலையில் இருந்து வருகிறவர். கிளிநொச்சியில் வருஷக்கணக்காகக் கணக்குப் படிப்பித்துவிட்டு, கணவர் இராஜரத்தினம் செத்த பிறகு கண்டிக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு தமையன் வீட்டுக்கு வந்தவர். ஒரே மகன் மயூரதன் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பிறகு வாறன் அம்மா என்றவன், பாதையை மூடியதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். கடைசியாக அவன் குரலைக் கேட்டது தைமாதத்தில். தமையன் அம்பிகைபாகன், அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தால்தான் அவருக்கு இரவில் நித்திரை வரும். மருமகன் செத்துப்போயிருந்தால் அந்தியேட்டி செய்ய வேண்டும், பிள்ளையின் ஆத்மாவை இப்படி அலையவிடக் கூடாது என்று அவர் கிழமை தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் உயிரோடு இருந்தால் உயிரோடிருக்கிற பிள்ளைக்குக் காரியம் செய்த பாவம் தனக்கு வேண்டாம் என்பது டீச்சரின் பதில். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் இருந்த கேள்வி இவ்வளவுதான். அந்தக் கேள்வியைத்தான் டீச்சர் டொரதியின் மேசைக்கு எடுத்து வந்தார்.

ஆடிமாதத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரிப் பெயர்கள் புதிதாக ஒரு கட்டு வந்து சேர்ந்தது. டொரதி அதை ஏற்றி முடித்துவிட்டு, விரல் பழக்கத்தில் டி போட்டுத் தட்டினாள். இராஜரத்தினம் மயூரதன், கிளிநொச்சி, வவுனியாவுக்கு அனுப்பப்பட்டவர் என்று விழுந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் எதிரேதான் இருந்தார்.

"டீச்சர், இருக்காரு! உங்க மகன் இருக்காரு. வவுனியாவுக்கு அனுப்பியிருக்காங்க!"

கமலாசனி டீச்சர் எழுந்தார், திரும்பவும் உட்கார்ந்தார், பிறகு டொரதியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். "என்ர பிள்ளை, என்ர பிள்ளை" என்று மட்டும் சொன்னார். மகனைச் சொன்னாரா டொரதியைச் சொன்னாரா என்று தெரியவில்லை. டொரதிக்கும் அழுகை வந்தது. அந்த அறையில் நல்ல சேதி சொல்லக் கிடைத்த நாட்கள் கொஞ்சம்தான். அன்று வேலை முடிந்து போகும்போது மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போனாள்.

டீச்சர் பிள்ளையார் கோயிலில் பொங்கல் வைத்தார். அம்பிகைபாகன் பழைய கச்சேரி நண்பர்களின் காலைப் பிடித்துப் பயண அனுமதி எடுத்தார். மகனுக்கு இரண்டு சாரம், ஒரு சேட்டு, பருத்தித்துறை வடை எல்லாம் பையில் வைத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் போனார்கள். மதவாச்சிச் சோதனைச் சாவடியில் இறக்கி, சாமானைக் கொட்டி, உடம்பைத் தடவி, திரும்ப ஏற்றினார்கள். டீச்சருக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையாம். அங்கே போய், வார்டு வார்டாக, பிறகு கதவு கதவாக, பிறகு முகாம்களின் முட்கம்பி ஓரமாகத் தேடினார்கள். அப்படி ஒரு ஆள் வரவேயில்லை என்றார்கள்.

திரும்பி வந்தவர் நேரே டொரதியிடம்தான் வந்தார். வடைப் பை கையிலேயே இருந்தது.

"அங்க அப்பிடி ஒராள் இல்லையாம், பிள்ளை."

கோபமாகச் சொல்லியிருந்தால் டொரதிக்குச் சுலபமாக இருந்திருக்கும். டீச்சர் ஏதோ வகுப்பில் ஒரு பிள்ளை வரவில்லை என்பதுபோலச் சொன்னார்.

"இருக்காதே டீச்சர், நான் என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே டொரதி தட்டினாள். பெயர் வந்தது. அதே பெயர், அதே ஊர். இந்தமுறை அவளுக்குள் ஏதோ உறுத்தியது. எழுத்து ஒன்றும் போடாமல் கட்டளையை மட்டும் தட்டி, மயூரதன் என்ற பெயர் வரும்வரை நகர்த்தினாள். அப்படி எடுக்கும்போதுதான் எல்லாக் கட்டங்களும் தெரியும். எழுத்துப் போட்டு எடுத்தால், இடம் போதாதென்று, நிலை என்ற கட்டத்தை நஸீமின் கட்டளை காட்டுவதில்லை.

மயூரதனுக்கு நேரே நிலை என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

உயிருடன் என்றும் இல்லை, இறப்பு என்றும் இல்லை. யாரோ ஒரு தொண்டர், யாரோ ஒரு தாதி சொல்லக் கேட்டு, காயத்தோடு கொண்டுவந்தார்கள், வவுனியாவுக்கு அனுப்பினார்கள் என்ற மட்டும் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு அவருக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுதாமல் விட்டிருக்கிறார். நேர்மையான மனுஷன். இறந்தவர்களை மறை என்றால் கம்ப்யூட்டர் இறந்தவர்களை மறைத்துவிட்டு மிச்சமெல்லாவற்றையும் கொட்டியது, அந்த மிச்சத்தில் இவனும் வந்தான். உயிரோடிருப்பவர்களை மட்டும் காட்டு என்று யாராவது கேட்டிருந்தால் இவன் வந்திருக்கவே மாட்டான். இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் டொரதி இத்தனை நாளும் இத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். முகாமில் ஆள் கண்முன்னால் நிற்பான், அங்கே வெறும் கட்டம் வருவது அபூர்வம். ஆஸ்பத்திரிக் கட்டுகளில் நிறைய வரும்.

அவள் திரையை டீச்சர் பக்கம் திருப்பி, விரலால் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்தைப் பற்றியும் சொன்னாள். கணக்கு டீச்சர், இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப உயிரோட எண்டும் இல்லை, செத்ததெண்டும் இல்லை."

"இல்லைங்க டீச்சர். தெரியாது."

"தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே, பிள்ளை. அதைத் தாங்கியிருப்பன்."

வடைப் பையை மேசையில் வைத்துவிட்டு டீச்சர் போய்விட்டார். டொரதி அதைத் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை விவேகானந்தனையும் நஸீமையும் ஒன்றாக உட்கார வைத்தாள் டொரதி. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு லெக்சரருக்கு முன்னால் குரலை உயர்த்தினாள். விவேகானந்தன் நஸீமின் கட்டளையைப் பார்த்தார், நஸீம் விவேகானந்தனுடையதைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் முகம் செத்துப்போயிற்று.

"நான் முதலே பாத்திருக்க வேணும்" என்றார் விவேகானந்தன்.

"ஆஸ்பத்திரியில மவுத்தான ஆக்கள எடுத்துட்டுத்தான் காட்டச் சென்னாங்க சேர். அதான் நான் அப்பிடி எழுதின" என்றார் நஸீம். பொய் இல்லை, அப்படித்தான் கேட்டிருந்தார்கள்.

அன்றே திருத்தினார்கள். இனி இரண்டு கட்டளையிலும் எல் என்றால் உயிரோடிருப்பவர்கள் மட்டும், டி என்றால் இறந்தவர்கள் மட்டும். ஒன்றைத் தெரிந்தவளுக்கு மற்றது தெரியும். கைகுலுக்கிக்கொண்டார்கள். டொரதிதான் கேட்டாள்.

"அப்ப கட்டம் வெறுமையா இருக்கிறவங்க, சேர்?"

"அவை முழுப் பட்டியலில இருப்பினம். எழுத்து ஒண்டும் போடாமல் எடுத்தால் வரும்."

"அது ஆயிரக்கணக்குல ஓடுமே சேர். அவங்களுக்குன்னு இன்னொரு எழுத்து வச்சுக் குடுங்க. அவங்களை மட்டும் காட்டுற மாதிரி."

நஸீம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தங்கச்சி, வெளங்குதா நீங்க கேக்கிறது? ஒரு பட்டனத் தட்டினா காணாமப்போன ஆக்கள்ட பேரெல்லாம் ஒரே கடுதாசியில வரும். அப்பிடிக் காணாமப்போன ஆக்களே நாட்டுல இல்லன்டு கவர்மெண்டுக்காரனுகள் செல்றானுகள். நாளைக்கு வந்து, இத ஆர் செஞ்சதுன்டு கேட்டா என்ன செல்ற? எனக்கு ஊட்டுல மூணு புள்ளைகள் ஈக்குது."

டொரதி விவேகானந்தனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நஸீம் சொல்லுறது சரி, டொரதி. ஆள் கடத்துற வெள்ளை வானுக்குப் பெடியனெண்டும் இல்லை, லெக்சரர் எண்டும் இல்லை. உமக்கும்தான் சொல்லுறன். இந்தக் கதிரையில இருக்கிறது நீர்."

அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வருஷம் கண்டியில் இருந்த யாருக்கும் வராது. டொரதியே பொலிஸில் பெயர் பதிந்த துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவள். பேராதனை ரோட்டில் வான் ஒன்று பக்கத்தில் வேகம் குறைத்தால் அவளுக்கும் நெஞ்சு நின்றுதான் துடிக்கும். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் மனது ஆறவும் இல்லை. தப்பைத் திருத்தினார்கள், திருத்தின கையோடு அந்தப் பிள்ளைகளைத் திரையில் இருந்தே துடைத்தும் விட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இதற்குத் தேடி வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பதா, இல்லை தப்புத் தீர்ந்ததென்று சந்தோஷப்படுவதா?

பழைய டியை நம்பித் தான் பதில் சொன்ன வீடுகளையெல்லாம் தேடிப் பிடித்துத் தெரியாது என்று சொல்லி முடிக்கவே அவளுக்கு நாட்கள் போயின. சிலர் திட்டினார்கள். ஒரு தாய் டெலிபோனை வைக்காமலேயே அழுதுகொண்டிருந்தாள், டொரதியும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் ஒரு முற்பகலில் கமலாசனி டீச்சர் தமையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்பிகைபாகன் நின்றபடியே பேசினார். ஐயரோடு கதைத்தாயிற்று, வருகிற கிழமை அந்தியேட்டி, இனியும் தள்ளிப்போட முடியாது.

"கடைசியா ஒருக்காப் பாருமன் பிள்ளை" என்றார் டீச்சர். "அண்ணையும் பாக்கட்டும். இண்டைக்கு என்ன சொல்லுது?"

டொரதி எல் போட்டாள். மயூரதன் இல்லை. டி போட்டாள். அதிலும் இல்லை. முகாம் கட்டளையில் இரண்டையும் போட்டாள், ஆஸ்பத்திரிக் கட்டளையில் இரண்டையும் போட்டாள். எல்லாம் இப்போது ஒழுங்காக, ஒன்றுக்கொன்று முரண்படாமல் வேலை செய்தன. மயூரதன் எதிலும் இல்லை.

"முந்தி இருந்தவன்" என்றார் டீச்சர். அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. "வெறுமையா எண்டாலும் பேர் இருந்தது."

"பாத்தியே தங்கச்சி" என்றார் அம்பிகைபாகன். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. மருமகனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். "இல்லாத பிள்ளைக்கு எத்தினை நாளைக்குக் காத்திருப்பாய்? எழும்பு. முடிப்பம்."

டீச்சர் எழுந்தார். கதவுவரை போனார். டொரதிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"டீச்சர், நில்லுங்க. இருக்காரு. நான் உயிரோடன்னு சொல்லல. பேர் இருக்கு. ஆனா அதுக்குன்னு எழுத்து இல்ல, எல்லாத்தையும் ஓட விட்டுத்தான் எடுக்கணும். நேரமாகும். இருக்கிறீங்களா?"

"எனக்கு வேற என்ன வேலை, பிள்ளை."

டீச்சர் கதிரையைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். டொரதி எழுத்து ஒன்றும் போடாமல் ஆஸ்பத்திரிக் கட்டளையைத் தட்டினாள். திரை நிறையப் பெயர்கள் வந்து நின்றன. ஒரு திரை படித்து முடிந்ததும் தட்டினால் அடுத்த திரை. அகர வரிசையில் அடுக்கப்படவில்லை, வந்து சேர்ந்த ஒழுங்கில் கிடந்தன. டீச்சர் ஒரு பெயரையும் தாண்டவில்லை. உயிருடன். உயிருடன். இறப்பு. கிளிநொச்சிப் பிள்ளைகள் வர வர அவருக்கு அடையாளம் தெரிந்தது. "இவள் என்ர வகுப்பு, இருக்கிறாள்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இவனும் என்ர வகுப்பு" என்றார், வேறொன்றும் சொல்லாமல் அடுத்த திரைக்குத் தலையசைத்தார். மத்தியானம் திரும்பிவிட்டது. அம்பிகைபாகன் நின்று நின்று, கடைசியில் நிலத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

மயூரதன் வந்தான். டீச்சர் வெறுமையான கட்டத்தில் விரலை வைத்தார். கொஞ்சநேரம் எடுக்கவில்லை.

"அண்ணை, இஞ்ச வந்து பாருங்கோ."

அவர் எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். கச்சேரியில் எத்தனை வருஷம் கோப்புப் பார்த்த மனுஷன், நிரப்பாத கட்டத்தைத் தன் கையால் நிரப்பக் கூடாதென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஐயருக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ" என்றார் டீச்சர்.

அம்பிகைபாகன் தலையை ஆட்டினார். பிறகு தங்கையின் தோளைத் தொட்டு, "சரி, வா, போவம். பேரைக் கண்டிட்டாய்தானே" என்றார்.

"நீங்கள் போங்கோ அண்ணை. நான் பிறகு வாறன்."

"இன்னும் என்ன?"

டீச்சர் திரைப் பக்கம் திரும்பினார். "அடுத்ததைப் போடும் பிள்ளை" என்று டொரதியிடம் சொன்னார். டொரதி தட்டினாள். அடுத்த திரை வந்தது. டீச்சர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார், நிலை எழுதியிருந்த பெயர்களைக் கண்ணாலேயே தாண்டினார். வெறுமையான கட்டம் ஒன்று வந்தது. அந்தப் பெயரை வாய்விட்டு வாசித்தார், வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற குரலில், தகப்பன் பெயரோடும் ஊரோடும். அடுத்த வெறுமைக்குத் தாண்டினார். அதையும் வாசித்தார்.

கதவு திறந்திருந்தது. மூடட்டுமா என்று டொரதி பாதி எழுந்தாள். நஸீம் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. டீச்சர் அடுத்த பெயரை இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசித்தார். டொரதி உட்கார்ந்து அடுத்த திரையைப் போட்டாள்.

வெளியே வாங்கில் இருந்த ஒரு பெண், "அம்மா, இப்ப சொன்ன பேரைத் திரும்பச் சொல்லுங்கோ" என்று கேட்டபடி எழுந்து உள்ளே வந்தாள்.